நவமி கழியட்டும் என்று வைத்த கேமரா

போன வருடம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. விழுப்புரத்தில் மாவட்ட அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்த மைதானம். அன்றைக்கு நடந்தது மொத்தமே ஐந்தரை நிமிடம்தான். அந்த ஐந்தரை நிமிடத்துக்காக ஒன்பது மாதம் தயாரானோம் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் என்று கேட்காதீர்கள், அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு திண்டிவனத்தில். நான் விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். சனிக்கிழமையும் வேலை உண்டு. கணவர் கூட்டேரிப்பட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொல்லையில் போர் மோட்டார் எரிந்துபோனாலும் அவரிடம்தான் வரும். எங்களுக்கு ஒரே மகள். அப்போது ப்ளஸ் டூ. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள்.

ஆறாம் வகுப்பிலிருந்தே ஓடுகிறாள். அவள் ஓடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் லீவு கேட்கவே முடியாத நாளாகப் பார்த்துத்தான் போட்டி வரும். "அடுத்த தடவ கண்டிப்பா வர்றேன் பாப்பா" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடத்தை ஓட்டிவிட்டேன். கணவர்தான் கடையைப் பூட்டிக்கொண்டு போவார், போனில் படம் எடுத்து வருவார். கேலரியில் உட்கார்ந்து எடுத்த படத்தில் என்ன தெரியும்? "இதுல எதுங்க நம்ம பொண்ணு?" என்று கேட்டால், "அந்த சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்துல நீலமா ஒரு புள்ளி இருக்குது பாரு" என்பார். கோப்பையோடு நிற்கிற படம் வீட்டில் நாலைந்து இருக்கிறது. ஓடுகிற படம் ஒன்றுகூடக் கிடையாது.

அதனால் பொங்கல் லீவில் ஒரு முடிவுக்கு வந்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற, கைப்பைக்குள் அடங்குகிற ஒரு சின்ன ஜூம் கேமரா வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவள் ஓடும் கடைசி ஓட்டத்துக்குள் அது கைக்கு வந்துவிட வேண்டும்.

புதுசின் விலையைப் பார்த்ததும் இருவரும் கப்சிப். அப்போதுதான் கணவர் ரீகண்டிஷன் கேமரா என்று ஆரம்பித்தார். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததைப் பழுது பார்த்து, துடைத்து, ஆறு மாத வாரண்டியோடு ஆன்லைனில் விற்கிறார்களாம்.

"எவன் வீட்டுக் கருமாதியில படம் புடிச்ச கேமராவோ, அதைக் கொண்ணாந்து பொண்ணைப் புடிக்கணுமா?" என்றேன்.

"நான் காயில் கட்டிக் குடுத்த மோட்டாரு பத்து வருசமா ஓடிக்கினு இருக்குது. புது மோட்டாரு ரெண்டே வருசத்துல பொகையுது. ஒருக்கா பிரிச்சு மாட்டினதுதான்டி நம்பிக்கையான பொருள்" என்றார். தொழிலைக் குறை சொன்ன மாதிரி அவருக்கு முகமே சிவந்துவிட்டது.

இந்தப் பஞ்சாயத்திலேயே மாசியும் பங்குனியும் போய்விட்டன. சித்திரையில் நான் இறங்கி வந்தேன். சரி, பழசே வாங்குங்கள் என்றேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டுமே! அவர் அடுத்ததை எடுத்துவிட்டார்.

"இப்ப வாங்கக்கூடாது. புது மாடல் வரப்போவுது. அது வந்தா பழசையெல்லாம் திருப்பிக் குடுப்பானுங்க. தன்னால வெல எறங்கும்."

அன்றிலிருந்து தினமும் காலை டீயோடு போனைத் திறந்து விலை பார்ப்பதே அவருக்கு வேலை. "எறங்கிச்சா?" "எறங்கும்." வேர்க்கடலை ஏலம் விடும் கமிட்டியில் மல்லாட்டை மூட்டையைப் போட்டுவிட்டு விலைக்குக் காத்திருப்பவர்கள்கூட அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலில் அந்த போனைப் பிடுங்கி டீயிலேயே போட்டிருப்பேன்.

ஆனி மாதக் கடைசியில் நிஜமாகவே விலை இறங்கியது. மனிதர் பல்லெல்லாம் தெரிய வந்து, "சொன்னேன் இல்ல! ஜல்தியா ஆர்டர் போட்டுடலாம்" என்றார்.

நான் நாள்காட்டியைப் பார்த்தேன். இரண்டு நாளில் ஆடி பிறக்கிறது. இன்று போட்டால் பொருள் ஆடியில்தான் வீட்டுக்கு வரும். "வேணாம். ஆவணி பொறக்கட்டும்" என்றேன்.

"பழசுக்கு ஏதுடி ஆடி?"

"நம்ம வூட்டுக்கு அது புதுசுதானே?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆவணி முதல் முகூர்த்த நாளில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சரக்கு தீர்ந்துவிட்டதாம். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியில் மகள் குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்து, மாவட்டத்துக்குத் தேர்வாகி, அதற்கும் வழக்கம்போல ஒரு நீலப் புள்ளிதான் படமாக வந்தது.

மாவட்டப் போட்டிக்குத் தேதி குறித்துவிட்டார்கள். இது தப்பினால் பள்ளிக்கூடத்து ஓட்டம் முடிந்தது. அதில் முதலாவது வருகிறவள்தான் மேலே போவாள். நான் இரண்டு வாரம் முன்பே முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கிவிட்டேன். கேமராவும் மறுபடி விற்பனைக்கு வந்திருந்தது, முன்னைவிட அதிக விலையில். வாயைத் திறக்காமல் வாங்கினோம். "புரட்டாசியில வாங்கலாமான்னு நாள்காட்டிய ஒருக்கா கேட்டுக்கோ" என்று மட்டும் அவர் குத்திக்காட்டினார்.

வியாழக்கிழமை சாயந்திரம் பார்சல் வந்தது. அன்று அஷ்டமி.

மகள் கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்று அஷ்டமி, நாளைக்கு நவமி, சனிக்கிழமை தசமி. சனிக்கிழமைதான் போட்டி. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? எடுக்கிற முதல் படமே என் மகள் ஓடுகிற படமாக இருக்கட்டும் என்று சொல்லி, டப்பாவுக்குக் குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். கணவர் தனியாக வாங்கி வந்திருந்த மெமரி கார்டையும் அதன் மேலேயே ஒட்டி வைத்தேன்.

"அது எத்தினி அஷ்டமி நவமிய பாத்துட்டு வந்திருக்குதோ! சார்ஜாவது போட்டு வெக்கலாம்டி" என்றார்.

"பிரிக்காம எப்படிங்க சார்ஜ் போடறது? புது சாமான்ல சார்ஜ் இருக்கும்."

"இப்ப மட்டும் புது சாமானா? பேஜாரு புடிச்சவ" என்று முனகிக்கொண்டே போய்விட்டார். வெள்ளிக்கிழமை முழுக்க அந்த டப்பா ஊதுபத்திப் புகையில் இருந்தது.

சனிக்கிழமை விடியும்போதே விளையாட்டு ஆசிரியையோடு மகள் வேனில் போய்விட்டாள். கணவருக்கு அவசரமாக ஒரு மோட்டார் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் நான் மட்டும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் விழுப்புரம் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போனேன். மணி ஒன்பதே கால். அவள் ஓட்டம் பதினொன்றுக்கு. பிரிக்கலாம் என்று கையை வைத்த பிறகுதான், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் என்பது ஞாபகம் வந்தது. ஒன்பது மாதம் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று கேலரி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

பத்து பத்துக்கு மைக்கில் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு போட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, பெண்கள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை முன்னால் கொண்டு வந்துவிட்டார்களாம்.

ஆடி பார்த்து, அஷ்டமி பார்த்து, நவமி பார்த்துக் காத்த டப்பாவைக் கடைசியில் ராகு காலத்தில் பல்லால் கடித்துப் பிரித்தேன். ஒட்டியிருந்த டேப் வரவே மாட்டேன் என்றது. சேலையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றிக் கிழித்தேன். தெர்மாகோல் உடைந்து மடியெல்லாம் சிதறியது. பேட்டரி தனியாக ஒரு உறையில் இருந்தது. அதை எந்தப் பக்கம் போடுவது என்று புரியவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஓட்டம் ஆரம்பித்துவிட்டது.

பேட்டரியையும் கார்டையும் எப்படியோ உள்ளே தள்ளிவிட்டு, கணவருக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற இரைச்சல். "எந்தப் பட்டன்ங்க?" "மேல இருக்கும் பாரு, வட்டமா." அழுத்தினால் மொழி கேட்டது, தேதி கேட்டது, எந்த ஊர் என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் ஓகே, ஓகே என்று தட்டினேன். ஒரு வழியாக லென்ஸ் நீண்டது. கண்ணுக்கு நேரே பிடித்து ஜூமை இழுத்தேன். யாருடைய தோளோ தெரிந்தது. அடுத்து வேலியும் நடுவரின் தொப்பியும். கொஞ்சம் நகர்த்தினால் வெறும் வானம். எல்லாம் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, என் மகளைத்தான் காணோம். அதற்குள் ஓரத்தில் சிவப்பு விளக்கு மின்னியது.

"சார்ஜ் இல்லைனு காட்டுதுங்க."

அந்தப் பக்கம் மோட்டார் இரைச்சல் நின்றது. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "அதைக் கீழ வெச்சுட்டு, தலையைத் தூக்கி கிரவுண்டைப் பாருடி" என்றார் மெதுவாக.

"இருங்க, ஒரே ஒரு படம்" என்று போனை வைத்தேன். அணைத்துப் போட்டால் வரும் என்று அணைத்துப் போட்டேன். லென்ஸ் பாதி வந்து நின்றது. குனிந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது கேலரி முழுக்க எழுந்து நின்று கத்தியது. க்ளிக் என்று ஒரு சத்தம், கேமரா அணைந்துவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளைகள் புல்லில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், "நீல பனியன் போட்ட பொண்ணு எத்தினியாவதுங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது. ஒரே ஒரு எட்டுல போயிடுச்சும்மா. கடேசி வளைவுல இன்னா ஓட்டம் ஓடிச்சு அந்தப் பொண்ணு! நீங்க இங்கதானே உக்காந்துக்கினு இருந்தீங்க, பாக்கலையா?"

என் மகள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு கூசிப்போயிற்று.

மகள் நொண்டிக்கொண்டே படி ஏறி வந்தாள். கெண்டைக்காலில் யாருடைய ஸ்பைக்ஸோ கிழித்து ரத்தக் கோடு. "ம்மா, மூணாவது ரவுண்டுல ஒருத்தி இடிச்சு நான் வுழப் போயிட்டனே, பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன் பாப்பா" என்றேன். பட்டென்று வாயில் வந்துவிட்ட பொய்.

அவள் என் மடியைப் பார்த்தாள். குனிந்து, சிதறிக் கிடந்த தெர்மாகோல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

திரும்பும்போது பஸ்ஸில் விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும்தான் என்னால் தாங்க முடிந்தது. "பாப்பா, நான் பாக்கல" என்றேன்.

"தெரியும்மா. ஒவ்வொரு ரவுண்டும் அந்தப் பக்கம் வரும்போது உன்னைத்தான் பாத்துக்கினு வந்தேன். நாலு தடவையும் நீ குனிஞ்சுக்கினே இருந்த."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. விலை இறங்கட்டும் என்றவர்மேல் ஒன்பது மாதமாக எரிந்து விழுந்தேனே, கடைசியில் தலையைத் தூக்கிப் பார் என்று சொன்னதும் அவர்தான். ஆடியும் அஷ்டமியும் என் வாய்க்குள்ளிருந்து வந்தவை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது என்மேல்தான். அவள்தான் என் முழங்கையை இடித்து, "முதல் ரவுண்டுல இருந்து சொல்லட்டா?" என்று ஆரம்பித்தாள். கூட்டேரிப்பட்டில் அவள் அப்பா ஏறி வந்து உட்காரும்போது மூன்றாவது ரவுண்டில் இருந்தோம்.

மறுநாள் காலை சார்ஜ் போட்டுப் பார்த்தோம். உள்ளே ஒரே ஒரு படம் இருந்தது. என் செருப்புக் கால், சேலை ஓரம், சிமெண்ட் படியில் ஒரு தெர்மாகோல் துண்டு. படம் அத்தனை தெளிவு. பழுது பார்த்த பொருளை நம்பலாம் என்று அவர் சொன்னது சரிதான். "அழிச்சுடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதை ஸ்டூடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டு, வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். மகள் இப்போது கல்லூரி அணியில் ஓடுகிறாள், நானும் லீவு கிடைக்கிற போதெல்லாம் வெறுங்கையோடு போய் உட்கார்கிறேன். ஆனாலும் தினமும் காலையில் தேதி கிழிக்கும்போது, நல்ல நேரம் என்று அச்சடித்த வரிக்கு முன்னால் என் கண் அந்தச் செருப்புக் காலில்தான் போய் விழுகிறது. அவள் நாலு முறை என்னை நிமிர்ந்து பார்த்த அந்த ஐந்தரை நிமிடத்தைவிட நல்ல நேரம் எந்த நாள்காட்டியிலும் எனக்கு இனி வரப்போவதில்லை.