கலீம் பாயின் அஞ்சு ரூபாய்

கலீமுல்லாவைத் தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில் எல்லோரும் கலீம் பாய் என்பார்கள். தோல் டிரம்மில் உருண்டு, ஈரமாக, நீல நிறத்தில் வெளியே வந்ததும் முதலில் போவது தரம் பிரிக்கும் செலக்டரான அவர் மேசைக்குத்தான். ஒரு கீறலைக் காட்டி, "இது முள்ளு. மாடு உசுரோட இருந்தப்ப கிழிச்சது, ஆறிப்போன காயம்" என்பார். இன்னொன்றைக் காட்டி, "இது டிரம் ஆணி. நம்ம தப்பு" என்பார். முள் என்றால் நஷ்டம் தோல் விற்றவன் தலையில் விழும், ஆணி என்றால் எங்கள் தலையில். ஆம்பூரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. போன வருஷம் வரைக்கும்.

இப்போது அவருக்குக் கிட்டத்துப் பார்வை போய்விட்டது, தூரத்து எழுத்தும் மங்கல்தான். ஷாப் பூனைக்குக்கூட அது தெரியும். அவர் சம்சாரம் ஜஹீருன்னிசா வாங்கிக் கொடுத்த கண்ணாடி, கூட்டோடு சட்டைப் பையில் தூங்குகிறது. போடச் சொன்னால், "கண்ணாடி போட்ட செலக்டர எவன்டா நம்புவான்?" என்பார். இதற்குள் ஆணிக் கீறல்கள் சில முள்ளாகிப் போய்விட்டன. சூப்பர்வைசர் மூர்த்தி அண்ணன், "பாய், கேட்டுல வாட்ச்மேன் வேலை காலியா இருக்கு. நிழல்ல உக்காந்துக்கலாம்" என்று தேன் தடவிப் பேச ஆரம்பித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மீனாம்பாள் டீக்கடையில் மீதிச் சில்லறையாக வந்து சேர்ந்தது ஒரு அஞ்சு ரூபாய். பழைய தடிக்காசு. ஓரம் உள்ளே மடிந்து, உதடு வீங்கின மாதிரி இருந்தது. பாய்க்குக் காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தொண்ணு. இந்தக் காசு அந்த வருஷம் அடிக்கவே இல்லடா. ஓரமும் தப்பா இருக்கு. சர்க்கார் காசு அடிக்கிற மின்ட்டுலயே நடந்த கோளாறு."

"ஏழு மாதிரி இருக்கு பாய். தலை தேஞ்சிட்டிருக்கு. கண்ணாடி போட்டுப் பாருங்களேன்" என்றேன், அவர் மேசைக்கு எடுபிடியான நான்.

"கணக்குப் பரீட்சைக்குப் பயந்து பத்தாவதுல ஓடியாந்தவன் எனக்கு நம்பர் சொல்றியா? போடா."

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நேராக மூர்த்தி அண்ணனிடம் போய், எல்லோர் முன்னாலும், "ஞாயித்துக்கெழம வேலூர்ல காசு கண்காட்சி. காட்டிட்டு வர்றேன். அப்புறம் என் கண்ணப் பத்திப் பேசு" என்று சொல்லிவிட்டார். மூர்த்தி அண்ணனும் சரி என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு தேய்ந்த காசை நம்பி மேசையையே பந்தயம் வைக்கும் மனுஷனை என்ன செய்வது?

துணைக்கு நான்தான் போனேன். பஸ் ஸ்டாண்டில் வேலூர் என்று நினைத்துக் குடியாத்தம் வண்டியில் ஏறப் போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போர்டுல எழுத்தே சரியில்ல" என்றார்.

கண்காட்சியில் காசு பார்க்கிறவர் அப்துல் ஹமீத் என்ற பெரியவர். லென்ஸை வைத்து ஒரே பார்வை. "தொண்ணூத்தேழு. ஏழுக்கு மேல்கோடு தேஞ்சிருச்சு."

"ஓரம்?" என்றார் பாய்.

"மின்ட்டுக்கு வெளிய வாங்குன அடி. எதுலயோ போட்டு உருட்டியிருக்கு. நீங்க எந்த ஊரு?"

"ஆம்பூர்."

"அப்ப கேக்கவே வேணாம். யார் பாக்கெட்லயிருந்தோ தோல் டிரம்முல விழுந்திருக்கும். உங்க ஊர்லயிருந்து மாசம் ஒண்ணு வருது பாய்."

திரும்பி வரும்போது பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் சொன்னார், "டிரம் அடிடா. நானே பாக்கல." எனக்குக் கிண்டல் செய்ய நல்ல வாய்ப்பு. விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மூர்த்தி அண்ணன் மேசைக்கே வந்துவிட்டார். "இன்னா பாய், மின்ட்டு இன்னா சொல்லுது?"

பாய் வாயைத் திறப்பதற்குள் நான் முந்தினேன். "அண்ணே, அது என் வேலை. தொண்ணூத்தேழுல ஏழ அரத்துல தேச்சு ஒண்ணாக்கி பாய்கிட்ட தள்ளிவுட்டேன்."

ஏற்கெனவே மூர்த்தி அண்ணனின் ரப்பர் பூட்ஸுக்குள் தவளை விட்டவன் நான், அதனால் உடனே நம்பினார். "ஒருநாள் இல்ல ஒருநாள் உன்னயே டிரம்முல போட்டு உருட்டுறேன் பாரு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. அண்ணன் நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து, "அரம் போட்டா கோடு விழும்டா. பொய்ய ஒழுங்கா சொல்லத் தெரியுதா உனக்கு?" என்று பல்லைக் கடித்தார். நன்றி என்ற வார்த்தை அந்த மனுஷன் அகராதியிலேயே கிடையாது.

அதற்கப்புறம் ஒரே பேஜார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தோலைத் திருப்பிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தோலில் கை நின்றது. தடவினார், தூரமாகத் தூக்கிப் பிடித்தார், மறுபடி தடவினார்.

"டேய் ஆல்வின், இது இன்னாடா? முள்ளா, ஆணியா?"

இதுவரை அவர் யாரையும் கேட்டதில்லை. நான் குனிந்து பார்த்தேன். "முள்ளு பாய்."

"நல்லா பாத்தியா?"

"சத்தியமா முள்ளு."

அவருக்குச் சந்தேகம் போகவில்லை. அங்கே இங்கே பார்த்தார். பையிலிருந்து கூட்டை எடுத்து, கண்ணாடியை மூக்கில் மாட்டி, தோல்மேல் கவிழ்ந்தார்.

"ஆணிடா இது. விளிம்பு ஆறவே இல்ல பாரு, பச்சையா நிக்குது. கண்ணு இருக்குதா இல்லயா உனக்கு?"

சத்தம் கேட்டு மூர்த்தி அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பினார். கண்ணாடியைப் பார்த்தார். வந்து கீறலையும் பார்த்தார். போன வாரம் பாய் பார்த்து முடித்த தோல்கட்டைத் தள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். "இதையும் ஒருக்கா பாத்துடுங்க பாய்."

பாய் கண்ணாடியைக் கழற்றாமலே முதல் தோலைப் பிரித்தார். எனக்கு அன்று சாயந்திரம் வரை திட்டு ஓயவில்லை. அது ஆணி என்று எனக்குக் குனிந்து பார்த்தபோதே தெரியும்.