பெயருக்குக் கீழே ஊர்

ஷெர்லினின் அப்பா கிறிஸ்துதாஸ், ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் செம்மநத்தத்துக்கு ஜீப் ஓட்டுகிறார். ஷெர்லின் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறாள். அது போதாதென்று சம்பளமில்லாத இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புரோகிராம் பழகுகிறவர்கள் தமிழில் சந்தேகம் கேட்க ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். அதற்கு இவள்தான் மாடரேட்டர். குழாயடியில் நின்று சண்டை விலக்குகிற வேலை என்று பக்கத்து வீட்டுக்காரியான நான் கிண்டல் செய்வேன்.

குழுவின் விதிகளை எழுதியவளும் அவள்தான். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், யாரையும் மட்டம் தட்டக்கூடாது, இரண்டு முறை எச்சரிக்கை, அப்புறம் வெளியே. அதோடு இன்னொரு விதி, ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பெயரும் ஊரும் இருக்க வேண்டும்.

“ஊர்ப்பேரு போட்டு எழுதுனா யாருக்கும் வாய் நீளாது ஈவ்லின்,” என்றாள். முதல் ஆளாகத் தன் பெயருக்குக் கீழே ‘செம்மநத்தம், ஏற்காடு’ என்று போட்டாள்.

பாலகுமார் என்பவனுக்கு வாய் நீளத்தான் செய்தது. கோபியிலிருந்து சசிரேகா என்ற பெண் ஒரு சின்ன சந்தேகம் கேட்டதற்கு, சமையல்கட்டைப் பார்க்கச் சொன்னான். எச்சரித்தாள். மறுபடியும் அப்படியே எழுதினான். மறுபடியும் எச்சரித்தாள். அதற்குப் பிறகு அவன் எழுதியதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஷெர்லின் அவனைக் குழுவிலிருந்து நீக்கினாள்.

அன்று மாலையே அவனிடமிருந்து அவளுக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. ‘செம்மநத்தம் சின்ன ஊர்தானே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மரியாதையாகச் சேர்த்துக்கொள். இல்லாவிட்டால் நீ வெளியே தலை காட்ட முடியாது.’

அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

“அப்பாகிட்ட சொல்லு,” என்றேன்.

“ஐயோ, வேண்டாம். கம்ப்யூட்டரையே தூக்கிப் பரண்மேல போட்டுருவாரு. அப்புறம் என் வேலையும் போச்சு.”

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. நானும் போகாமல் துணைக்கு இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, ரோட்டில் கேட்கிற ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பழகிய ஜீப்பின் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஷெர்லின் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கிறிஸ்துதாஸ் மாமா ஒரு பையைச் சுமந்துகொண்டு இறங்கினார். பின்னால் சட்டை கசங்காத ஒருவன்.

“யாரு வந்திருக்காங்கன்னு பாரு கண்ணு! பஸ் ஸ்டாண்டுல உன் பேரச் சொல்லி ஊடு எங்கன்னு கேட்டுட்டிருந்தாரு. நல்ல ஆளத்தான் கேட்டீங்கன்னு ஏத்திட்டு வந்துட்டேன். நொம்ப தூரத்துல இருந்து வர்றாருங்காட்டியும், காப்பி போடு சாமி.”

அவன்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அவன் வாசலில் நின்று வீட்டை போனில் படம் எடுத்துக்கொண்டான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைப் பொறுமையாகக் குடித்தான்.

“உங்க பொண்ணு என்னை மட்டும் குழுவிலிருந்து தள்ளிட்டாங்க சார். திரும்பச் சேர்த்துட்டா, நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன்,” என்று சிரித்தான்.

“அட, சேர்த்துக்க கண்ணு. பாவம், இதுக்குன்னு மலையேறி வந்திருக்காரு,” என்றார் மாமா.

ஷெர்லின் லேப்டாப்பைத் திறந்தாள். சேர்த்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவளோ அவன் எழுதிய கடிதத்தை எடுத்து, அப்பாவுக்குக் கேட்கும்படி வாசித்தாள். ‘தலை காட்ட முடியாது’ என்ற இடத்தில் லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பினாள்.

மாமா கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “காப்பி குடிச்சாச்சுங்களா? எந்திரிங்க. ஏத்திட்டு வந்தவன் நானு, எறக்கி உடறதும் நானேங்க.”

அடிவாரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வழியில் என்ன பேசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. திரும்பி வந்ததும் மகளைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் அந்தக் கடிதத்தைக் கொடுக்க வைத்தார். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தன் வீட்டுப் படம் இன்னும் அவன் போனில் இருக்குமே என்றுதான் ஷெர்லின் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் விதியை மாற்றினாள். இனி யாரும் ஊர் எழுத வேண்டாம், எழுதியவர்கள் கேட்டால் குழுவின் தளத்தில் சேர்ந்திருக்கும் பழைய கடிதங்களிலிருந்தும் நீக்கித் தருகிறேன் என்று எல்லோருக்கும் அனுப்பினாள். முதல் பதில் சசிரேகாவிடமிருந்து வந்தது.

‘நன்றி அக்கா. என் கடிதங்களில் எதையும் நீக்க வேண்டாம். எனக்கு ஊர் கோபி இல்லை. முதல் நாளிலிருந்தே பொய்தான் எழுதினேன்.’

அடுத்ததும் ஒரு பெண்தான். அவளும் அதையேதான் எழுதியிருந்தாள்.

ஷெர்லின் எழுந்து போய், அந்தப் பட்டப்பகலில், கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து மூன்றாவது கடிதத்தைத் திறந்தாள்.