வாத்தியார் விட்ட இடைவெளி

எண்பதுகளின் கடைசியில் இரண்டாந்தாரமாக வாக்கப்பட்டு, மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரர் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் பங்குதாரர். வெளிநாட்டுக் கடிதங்களைப் படித்துப் பதில் எழுத வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தால் சௌகரியம் என்று அவருக்கு ஒரு கணக்கு. எனக்கு இங்கிலீஷ் ஏதோ வாசிக்க வரும். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அதனால் தேரடிப் பக்கம் கிராமர் சொல்லிக்கொடுத்த ஒரு வாத்தியாரிடம் சேர்த்துவிட்டார்.

முன்னால் இருந்தவளின் குடை, தையல் மெஷின், எவர்சில்வர் அடுக்குகள் எல்லாம் எனக்கு வந்திருந்தன. இந்த கிளாஸும் அப்படி வந்ததுதான் என்பதை அந்த மனுஷர் சொல்லவே இல்லை. கேட்டால் பதில் சொல்வார். கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய மகளும் எனக்கு வந்தாள். ஆறு வயது. தாய் மஞ்சள்காமாலையில் போனபோது மூன்று வயதாம். நான் ஊட்டினால் சாப்பிடுவாள், தலை பின்னினால் காட்டுவாள். ஆனால் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைத் தரையில் தட்டுவாள். வெளியே நான் பெரிய வாயாடி. அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சைப் பாதியில் விட்டுத் தண்ணீர் மொள்ள ஓடுவேன். அவள் என்னை ஏதாவது ஒன்று சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வாத்தியார் பாடம் நடத்திய விதம் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. தன் குரலிலேயே கேசட்டில் கேள்விகளைப் பதிந்து வைத்திருப்பார். தினமும் செய்வது, இப்போது செய்துகொண்டிருப்பது, நேற்று செய்தது, இதுவரை செய்து முடித்தது, இனிமேல் செய்யப்போவது என்று பாடம் பாடமாகப் போகும். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, ‘வெரி குட்’ என்பார். நாம் வீட்டில் போட்டுக் கேட்டு, இடைவெளி வந்ததும் சிவப்புப் பொத்தானை அமுக்கி நம் பதிலைப் பதிய வேண்டும். சனிக்கிழமை கேசட்டைத் திருப்பிக் கொடுத்தால், கேட்டுத் திருத்துவார். பிறகு அதே கேசட் இன்னொருவருக்குப் போகும். அவர் பேசப் பேச நம் பேச்சு அழியும். தப்பாகச் சொன்னாலும் சரி, ஊமையாக இருந்தாலும் சரி, வெரி குட் மட்டும் தவறாது. எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு மத்தியானம் புதிதாக வாங்கி வந்த கேசட்டைப் போட்டேன். ‘உங்கள் வீட்டில் தினமும் என்ன நடக்கும்?’ என்று வாத்தியார் இங்கிலீஷில் கேட்டார். சிவப்புப் பொத்தானில் விரல் வைப்பதற்குள் ஒரு பெண் குரல் பதில் சொன்னது. என் கணவர் டவுன் பஸ்ஸில் இராஜபாளையம் போகிறார்; அவர் தயிர் சாப்பிட மாட்டார். வெரி குட். அட, என் வீட்டுக்காரர் மாதிரியே இன்னொரு தயிர் ஆகாத மனுஷரா என்று நினைத்துக்கொண்டேன்.

‘இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?’

அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது. நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். என் முதுகு அரிசி டிரம்மில் சாய்ந்திருக்கிறது. ஜன்னலில் முருங்கை மரம் ஆடிக்கொண்டிருக்கிறது.

என் முதுகில் அரிசி டிரம் ஜில்லென்று இருந்தது. வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். டேப் ரிக்கார்டரை வேறெங்கும் வைக்க முடியாது. ஜன்னலைப் பார்த்தேன். முருங்கை ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. அடுத்த இடைவெளியில் அவள் பதிலை ஆரம்பித்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்: “ஏட்டி தங்கம், செத்த நேரம் சும்மா இரு.”

“யாருட்டம்மா பேசுதே?” என்றது ஒரு மழலை.

வாசலில் பை விழுந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை அங்கேயே நின்றாள். அழவில்லை. மெல்ல நடந்து வந்து, டேப் ரிக்கார்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரும் கேட்டார். பாதியிலேயே எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். வரும்போது முகம் கழுவியிருந்தது. “சனிக்கிழமை திருப்பிக் குடுத்துரணும்ல” என்று மட்டும் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது, குரல் வேறெங்கே இருக்கிறது என்று கேட்டேன். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதில் யாரும் மேலே பதிய முடியாது. அரிவாள்மனை நுனியால் அதைப் பெயர்த்தெடுத்தேன். சனிக்கிழமை வாத்தியாரிடம் புது கேசட் ஒன்றை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். முன்னவள் தனியாக வந்து சேர்ந்தவள், அதனால் இரண்டு பேரும் ஒரே வீடு என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கேசட்டை முதன்முதலில் அவளுக்குத்தான் கொடுத்தாராம்; அவள் போன பிறகு திரும்பி வந்தது, மூன்று வருஷம் யாருக்கும் போகாமல் அவர் அலமாரியிலேயே கிடந்ததாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மத்தியானம் இரண்டு குரல் கேட்கும். பிள்ளை டிரம்மில் சாய்ந்துகொண்டு, தாயின் பதிலைத் தாயோடு சேர்ந்து சொல்வாள். அதே இழுப்பு, அதே மூச்சு. அடுப்படியில் நின்றால் எந்தக் குரல் எது என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கும், பொறாமையாகவும் இருக்கும். என் வீட்டிலேயே நான் விருந்தாளி மாதிரி பாத்திரம் சத்தம் வராமல் வைப்பேன்.

கடைசிப் பாடத்தில் மட்டும் இரண்டு குரலும் கேட்காது. ‘அடுத்த வருஷம் என்ன செய்வீர்கள்?’ என்று வாத்தியார் கேட்பார். பின்னால் வெறும் உஸ்ஸென்ற இரைச்சல். அந்தப் பாடத்துக்கு வருமுன்னே அவள் காமாலையில் படுத்துவிட்டாள். இரைச்சல் ஓடும்போது பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வெரி குட் வந்ததும் அணைத்துவிடுவாள்.

ஒருநாள் அந்தக் கேள்விக்கு முன்னால் தம்ளர் தரையில் தட்டப்பட்டது. தண்ணீரோடு போனேன். வாங்கவில்லை. டேப் ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சித்தி, இதுக்கு அம்மா சொல்ல மாட்டிக்கா. நீங்க சொல்லுங்க.”

வாத்தியார் கேட்டார். இரைச்சல் ஓடியது. தண்ணீரைக் கையில் வைத்தபடி, எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். “ஐ வில் பீ ஹியர்.”

“வெரி குட்” என்றார் வாத்தியார்.