ஜெயாதியின் பதினோரு குரல்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை சுபீர்தா தொலைபேசியில் அழைத்தார். "மீனா, ஜெயாதி ஆர் நேய்" என்றார். இனி அவர் இல்லை.

ஜெயலக்ஷ்மி என்ற பெயரை எங்கள் வங்கியில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அக்காவுக்கு வங்காளிகள் சேர்க்கும் 'தி'யோடு அவர் ஜெயாதி; அண்ணனுக்குச் சேர்க்கும் 'தா'வோடு எங்களோடு வேலை பார்த்த சுபீர்தா. தமிழ் பேசும் எனக்கும் அப்படித்தான்.

கொல்கத்தாவின் பவானிபூரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் வயலின் கற்றார்; வேலைக்கு வந்த பிறகு தானே இசையமைக்கத் தொடங்கினார். அந்த இசையில் ராகமும் இருக்காது, தாளமும் இருக்காது. முதன்முறை கேட்டபோது, "பக்கத்து வீட்டுல ரிப்பேர் வேலை நடக்குதா?" என்று கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு தேர்தலில் அவருக்கு வாக்குச்சாவடிப் பணி வந்தது. பட்டியலில் பெயர் இல்லாத முதியவர் ஒருவரை அவர் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. "போன தடவை இருந்ததே, அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த மனிதர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

"சண்டை போட்டிருந்தா மறந்திருப்பேன், மீனா. சத்தமே இல்லாம போனார் பாரு, அதை எப்படி எழுதறதுன்னு தெரியல" என்றார்.

ஆனாலும் எழுதினார். ஜனநாயகம் எவ்வளவு லேசாக நின்றுபோகும் என்பதைப் பற்றிய இசை அது. பதினோரு பேர், ஆளுக்கொரு ஸ்வரத்தை இழுத்துப் பாட வேண்டும். நடத்துபவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் மூச்சுவிட நிறுத்தலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஆறு பேர் மௌனமாகிவிட்டால் அத்துடன் இசை முடிந்தது. ஜெயாதியும் நானும் சுபீர்தாவும் அந்தப் பதினொருவரில் இருந்தோம்.

சுபீர்தாவின் கரகரத்த குரலைப் பற்றி, "ஸ்ருதி சேரலையே" என்று ஒத்திகையில் முணுமுணுத்தேன்.

"சேர வேண்டாம். இருந்தா போதும்" என்றார் ஜெயாதி.

பாலிகஞ்சில் ஒரு சிறிய அரங்கில் நிகழ்ச்சி. அரை மணி நேரமாவது நீடிக்கும் என்று நம்பியிருந்தோம். சில நிமிடங்களில் எனக்குத் தொண்டை வறண்டது. மற்றவர்கள் இருக்கிறார்களே என்று நிறுத்தினேன். என்னோடு ஆறு பேர் ஆகிவிட்டது போலும், சட்டென்று அரங்கம் அமைதியானது. கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெயாதி கைகூப்பி, "முடிந்தது" என்று வங்காளத்தில் சொன்னார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்தக் குற்றவுணர்வை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்தேன். போன மாதம் சால்ட் லேக்கில், அவருடைய தம்பி வீட்டில், உடல் மெலிந்து படுத்திருந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான்தான் கெடுத்தேன், ஜெயாதி."

இருமல் வரும்வரை சிரித்தார். "நீயுமா! அன்னிக்கு நிறுத்தினவங்க ஒவ்வொருத்தரா வந்து இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க. நீதான் கடைசி."

"அப்ப நீங்க?"

"நானும் மூச்சு வாங்கிட்டுத்தான் இருந்தேன். நீங்கள்ளாம் இருக்கீங்கன்னு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனா நான் எழுதினது அதைத்தானே, மீனா?"

நான் கிளம்பியபோது, தடுத்தும் கேளாமல் பால்கனிவரை நடந்து வந்தார். கம்பியைப் பிடித்தபடி, ஆட்டோக்காரரிடம் என்னைப் பத்திரமாக இறக்கிவிடும்படி மேலிருந்தே வங்காளத்தில் உத்தரவிட்டார். ஆட்டோ திரும்பும்வரை கையசைத்துக்கொண்டிருந்தார்.

போய் வாருங்கள், ஜெயாதி. நாங்கள் பத்துப் பேரும் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.