பிடித்துத் தைத்த ஜாக்கெட்

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில் மாடிப்படியில் நின்றபடியே மார்பகப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டுக்கார அம்மாள் ஃப்ராவ் வெபருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. "வியாழக்கிழமை காலை எனக்கு மம்மோகிராஃபி. அன்றைக்கு வாஷிங் மெஷினில் என் முறையை நீ எடுத்துக்கொள்" என்று கட்டிடம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். கீழே தபால்காரர் நின்றிருந்தார். தலைகுனிந்தது நான்தான். அந்த வயதுப் பெண்களுக்கு இங்கே பரிசோதனைக்கான அழைப்பு வீடு தேடி வருகிறது. போவதும் போகாததும் அவரவர் விருப்பம். அதைப் பற்றிக் கிசுகிசுப்பது மட்டும் வழக்கத்தில் இல்லை.

இதே படியில்தான் ஒருநாள் அவரிடம், "என் அம்மா மிகவும் இளைத்துவிட்டாராம்" என்றேன். அவர் கைதட்டினார். "சூப்பர்! எப்படிச் செய்தார்?" எடை குறைவது இங்கே சாதனை. எங்கள் ஆம்பூரில் அது உச்சுக்கொட்ட வேண்டிய செய்தி. ஏன் இளைத்தார் என்று இரண்டு ஊரிலும் யாரும் கேட்கவில்லை.

செய்தியைச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஷகிலா அக்கா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாரந்தோறும் வீடியோவில் பார்க்கிறேன், அம்மாவின் உடை கச்சிதமாகத்தான் இருந்தது. விடுமுறை எடுத்துப் போய்க் கட்டிப்பிடித்தபோது அவர் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. கொடியில் காய்ந்த ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஒன்றை ஒட்டி இன்னொன்றாகத் தையல் வரிகள், ஏற்றுமதிக்குப் போகும் ஷூவில் இருப்பதைப் போல அத்தனை நேர்த்தி. அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்து ஓய்வு பெற்றவர். வேறு யாராக இருந்தாலும் ஜாக்கெட் தொளதொளத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். அம்மா இளைக்க இளைக்கப் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

ஷகிலா அக்கா காரணத்தைத் தயாராக வைத்திருந்தார். "பொண்ணு ஏக்கம்தான் கண்ணு, வேற இன்னா? நீ ப்ளேன் ஏறுனதுலேருந்து இப்டித்தான்." தெரு கிளினிக் டாக்டரும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாராம். ஒரே பெண், ஜெர்மனியில் என்றதும் "அதான்" என்று சொல்லி டானிக் எழுதிவிட்டார். விசாரணை அத்தோடு முடிந்தது. நான் ஒரு நோயின் பெயராகிவிட்டேன். இதை ஏற்க மறுத்தேன். ஷூவுக்கான பதனிட்ட தோலைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள் நான். அங்கே தோல் மெலிந்திருந்தால் மாட்டுக்கு மனக்கவலை என்று யாரும் எழுதுவதில்லை.

கேட்க வேண்டியவற்றை வரிசையாகக் கேட்டேன். பசி? "அதெல்லாம் முன்னவிட ஜாஸ்தியாவே சாப்புடறேன்." ஏக்கம் அங்கேயே அடிபட்டுப் போனது. இருமல், ரத்தப்போக்கு, புது மாத்திரை? எதுவும் இல்லை. படபடப்பு? "கொஞ்சம் இருக்குது." கடைசியாக ஒரு டாக்டர் முழுதாகப் பரிசோதித்தது எப்போது? "நீ பொறந்தப்ப."

"வேலூருக்குப் போலாம்மா."

"பேஜார் பண்ணாத. கேன்சர்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா வைத்தியம் பாக்கலாம்."

"சொன்னா நீ வேலைய வுட்டுட்டு ஓடியாந்துருவ. அதுக்குத்தான தெச்சிக்கினே இருந்தேன்."

என்னால் அவர் இளைக்கவில்லை. என்னால் மறைத்திருக்கிறார். அதற்காக உட்கார்ந்து அழவும் மறுத்தேன். மறுநாள் பேருந்து ஏறினோம்.

வேலூரில் பார்த்த பெண் டாக்டர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. எடை பார்த்தார், கழுத்தையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். ரத்தம், சர்க்கரை, தைராய்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எழுதினார். இளைப்புக்குக் காரணம் எதுவானாலும் எப்போதோ செய்திருக்க வேண்டியவை என்று மம்மோகிராமையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் சேர்த்தார். முடிவு வரும்வரை அம்மா தையல் மெஷின் பக்கமே போகவில்லை.

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. தேடிய இடங்களில் புற்று இல்லை. எல்லாரும் நிம்மதியானார்கள், நானும்தான். ஆனால் கோபம் தணியவில்லை. புற்றாக இருந்திருந்தால் அந்த ஒற்றை "அதான்" எத்தனை மாதங்களை விழுங்கியிருக்கும்?

மாத்திரையில் எடை ஏறுகிறது. ஜாக்கெட்டின் தையல்களை அம்மா ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். நான் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டேன். போன வாரம் இரண்டு கையிலும் பையோடு படியேறிக்கொண்டிருந்தபோது அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஷகிலாவையும் நம்ம லைன் பொம்பளைங்களையும் மார் டெஸ்ட்டுக்கு இட்டுக்கினு போறேன்டி! ஆட்டோல ஏறிட்டோம்!"

"மெதுவாம்மா, ஆட்டோக்காரர் இருக்காரு."

"இருந்தா இன்னா? அவரு வீட்ல பொம்பளைங்க இல்லியா?"

"உங்கம்மாவுக்கு ஒரு மைக்கு வாங்கி அனுப்பு கண்ணு" என்று ஷகிலா அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

ஒரு பை கீழே கிடந்தது. என் உள்ளங்கை ஸ்பீக்கரை மூடியிருந்தது. படிக்கு மேலும் கீழும் ஆண்கள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருவருக்கும் தமிழ் தெரியாத அந்தக் கட்டிடத்தில். ஆம்பூர்த் தெருவில் அம்மா ஃப்ராவ் வெபரைப் போலக் கத்துகிறார். ஃப்ராவ் வெபரின் படியில் நான் ஆம்பூர்த் தெருவாக நிற்கிறேன்.

கையை எடுத்தேன். ஒலியைக் கூட்டினேன்.