களாச்செடிகளை வெட்டச் சொன்னது யார்

சூசை மச்சான் இறந்த செய்தி வந்தபோது நான் சிதம்பரத்தில், மகன் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா காலையில தவறிட்டாங்க மாமா" என்றாள் அவர் மகள் ஸ்டெல்லா. கடலூர் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

நம் கோயில் பங்கில் அவரைத் தெரியாதவர் இல்லை. பிழைப்புக்கு எலக்ட்ரீஷியன், தவக்காலம் வந்தால் பாடுபட்ட ஆண்டவர் சுரூபத்துக்கு முள்முடி பின்னுகிறவர். கல்லறைத் தோட்டத்துக்கு வேலியாக நின்ற களாச்செடிகளில்தான் முள் எடுப்பார். அந்த நேரம் பார்த்துச் செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். ஒரு தடவை, உதவுகிறேன் பேர்வழி என்று பூவோடு ஒரு கிளையை ஒடித்துவிட்டேன். "பூத்த கிளையில கை வைக்காத மச்சான். முள்ளு ஆண்டவருக்கு, காய் பொம்பளைங்களுக்கு" என்றார். கோடையில் நம் வீட்டுப் பெண்கள் கறுத்த பழத்தை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, ஊறுகாய்க்குக் காய் பறிப்பதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அங்கே மதில் கட்ட முடிவானபோது பங்குப் பேரவைச் செயலாளர் நான். "மூலையில இருக்கற ஒரே ஒரு செடிய மட்டும் வுட்டுடச் சொல்லு மச்சான்" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். ஜேசிபி வந்த அன்று நான் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். டிரைவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். மறந்துவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வெறும் மண்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு செடியக்கூட வுடாம வெட்டச் சொன்னது யாரு?" நான் வாய் திறப்பதற்குள் சூசை மச்சான் குறுக்கே வந்தார். "நான்தான் சொன்னேன். வேர்ல பூச்சி ஜாஸ்தி." அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நான் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். ஏன் இப்படிச் சொன்னீர் என்று பிறகு கேட்டதற்குச் சிரித்தார். "நாலு பேரு முன்னாடி பேசற ஆளு நீ. நான் ஏணியில ஏறிட்டா எவன் திட்றதும் காதுல வுழாது."

அதற்கப்புறம் சுரூபத்துக்குக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முடிதான். அதைச் சூட்டக் கூப்பிட்டால், கண் சரியாகத் தெரியவில்லை என்று வர மறுத்துவிட்டார். கண் நன்றாகத்தான் இருந்தது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே சிதம்பரத்துக்குக் குடிபோனேன்.

அடக்கத்தன்று மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு அம்மா சொன்னார்: "நல்ல மனுசன்தான். அந்தக் களாச்செடியத்தான் அநியாயமா வெட்டிப்புட்டாரு." அப்போதும் பேசாமல் நின்றேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களே, அவர் வெட்டச் சொல்லவில்லை. ஒரு செடியையாவது விடச் சொல்லிக் கேட்டவர் அவர், மறந்தவன் நான். நினைவாக அவருடைய டெஸ்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஸ்டெல்லா. வேண்டாம் என்றேன். இத்தனை வருஷம் எனக்காக அவர் சுமந்த பழி இருக்கிறது. அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.