பதினாறு நிறத்தில் லீனா

ரீத்தா ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். தங்கை லீனா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு மெல்பர்னுக்குப் போய் ஒன்பது வருடமாகியிருந்தது. வீட்டிலிருந்த அவளுடைய படங்களையெல்லாம் அப்பா அன்றே கிழித்துவிட்டார். 1992இல் அவர் இறந்ததை ரீத்தா எழுதித் தெரிவித்தாள். பதிலோடு ஒரு டிஸ்க் வந்தது. உள்ளே தன் படம் இருக்கிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார் என்று லீனா எழுதியிருந்தாள்.

மதிய இடைவேளையில் ரீத்தா டிஸ்க்கைச் செருகினாள். படிக்க முடியவில்லை, ஃபார்மெட் செய்யட்டுமா என்று கேட்டது திரை. செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்து மேசை சந்திரசேகரனுக்குத் தெரியாது.

“ஆமான்னு அமுக்குங்கக்கா, சரியாயிடும்லா.”

“கைய எடு தம்பி. உள்ள என் தங்கச்சி இருக்கா.”

லீனா வேலை செய்த மெல்பர்ன் அச்சகத்தில் இருந்தது மெக்கின்டாஷ், வேறு வகைக் கம்ப்யூட்டர்; அதன் டிஸ்க்கை ஆபீஸ் மிஷின் படிக்காது. கெலுகோரில், பல்கலைக்கழகத்துக்குப் போஸ்டர் செய்துதரும் ஷேக் அலாவுதீனிடம் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள்.

அவருடைய சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில் லீனா வந்தாள். நிறையப் பேர் காத்திருந்ததால் ரீத்தாவால் நின்று பார்க்க முடியவில்லை.

“டிஸ்க் மட்டும் இல்லக்கா, படத்த எழுதி வச்சிருக்கிற முறையே வேற” என்றார் அலாவுதீன். “ஒங்க மிஷினுக்குப் புரியிற மாதிரி மாத்தித் தர்றேன். கலருக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.”

திங்கட்கிழமை முதலாளி கோர்ட்டுக்குப் போனதும் ரீத்தா படத்தைத் திறந்தாள். ஆபீஸ் திரைக்குப் பதினாறு நிறந்தான் தெரியும். கன்னம் திட்டுத் திட்டாகப் பழுப்பு. கழுத்தில் ஏதோ பச்சை.

“காய்ச்சல்ல படம் எடுத்தாங்களாக்கா?” என்றான் சந்திரசேகரன்.

ரீத்தா காதில் வாங்கவில்லை. லீனாவின் முன்நெற்றி முடியில் சாம்பல் நிறக் கோடு ஒன்று ஓடியது. போகும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இது நரையா, நிறம் பிசகியதா? அலாவுதீன் திரையில் அந்த இடத்தைக் கவனித்தோமா என்று நினைத்துப் பார்த்தாள். கவனிக்கவில்லை.

படத்தை மூடி, டைப்ரைட்டரில் தாளைச் செருகி லீனாவுக்குக் கடிதம் அடித்தாள். படம் வந்து சேர்ந்தது, நன்றாக இருக்கிறாய் என்று முதலில் அடித்தாள். பிறகு அந்தத் தாளை உருவிப் போட்டுவிட்டு, பேனாவை எடுத்துக் கையாலேயே எழுதினாள்:

“உன் முகம் எனக்குச் சரியாத் தெரியல லீனா. ஒரு தடவ வந்துட்டுப் போ.”